ரூமி நாட்டுக் கிராணி

ஆங்கிலத்தில் லட்சக்கணக்கான சொற்கள் இருக்கின்றனவாம். அத்தனையையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஒரே ஒரு சொல்லோடு குடித்தனம் நடத்திய மனிதர் இந்த மலாயாவில் ஒருவர்தான் இருந்தார். அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தார்.

ரெம்பாவ் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்போது நான் டிரஸர். டிரஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பாதி டாக்டர், பாதி கம்பவுண்டர். உண்மையான டாக்டர் எப்போதாவது காரில் வந்து எட்டிப் பார்க்கும்வரை முழு டாக்டர். அவர் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. மரம் வெட்டிப் பால் எடுக்கும் வெட்டுக்காட்டிலிருந்து வாளி வாளியாக வரும் ரப்பர்ப் பாலை நிறுத்து வாங்குவது அவர் வேலை. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனங்களுக்கு அவர் "ரூமி நாட்டுக் கிராணி"தான்.

புதிதாக வந்தவர்கள் விசாரிப்பார்கள். "ரூமி நாடுங்கறது எங்கங்க இருக்கு?"

எங்கள் பெரிய கங்காணி முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் சொல்வார்: "ஜாவாவுக்கு அந்தாண்ட. கப்பல்ல போவணும்."

உண்மையில் அந்த நாடு ஒரு வெள்ளைக்காரத் துரையின் வாயிலிருந்து பிறந்தது.

யுத்தம் வருவதற்கு முன்னால் ஒரு நாள். கிராணி ஸ்டோர் வாசலில் தராசுப் பக்கம் நின்றுகொண்டு, ஊரில் தங்கைக்கு வந்திருந்த வரனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். பால் வாளிகள் வரிசையாகக் காத்திருந்தன. துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நிலவரத்தைப் பார்த்தார். நீளமாக ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வாக்கியத்தில் எல்லாச் சொற்களும் கிராணிக்குத் தெரிந்தவை. ஒன்று மட்டும் தெரியவில்லை. அது "ரூமினேட்".

வேறு யாராக இருந்தாலும் தெரியாத சொல்லைத் துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் பாலை நிறுத்து முடித்த கையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"டிரஸர், ஒங்ககிட்ட அந்தத் தடிப் பொஸ்தகம் இருக்கில்ல? அதுல ரூமினேட்டுன்னு இருக்கா பாருங்க."

எனக்கு முன்னால் இருந்த டிரஸர் விட்டுப்போன அகராதி அது. மருந்து அலமாரியின் கால் ஒன்று குட்டை என்பதால் அதற்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். அலமாரியை அவர் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் அகராதியை உருவிப் பார்த்தேன். இரண்டு பொருள் போட்டிருந்தது. ஒன்று, ஆடு மாடு முதலானவை விழுங்கிய இரையை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுதல். இரண்டு, அமைதியாக இருந்து ஒன்றைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தல். மாட்டின் முதல் இரைப்பைக்கு லத்தீன் பாஷையில் ரூமென் என்று பெயராம். அதிலிருந்து வந்த சொல்லாம்.

கிராணி அலமாரியைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்டார்: "அப்ப துரை என்னைச் சிந்தனையாளன்னு சொன்னாரா, மாடுன்னு சொன்னாரா?"

இந்தக் கேள்விதான் அவருடைய வாழ்க்கைப் பிரச்சினை ஆயிற்று. சொத்துத் தகராறு, பங்காளிச் சண்டை ஒன்றும் அவருக்குக் கிடையாது. இது ஒன்றுதான். கண்டவரிடமெல்லாம் தீர்ப்புக் கேட்டார். தமிழ்ப் பள்ளி வாத்தியார், "இரு பொருளும் கொள்ளலாம்" என்று நழுவிவிட்டார். கங்காணிதான் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "ஐயா, நானும் இத்தன வருசமா பாக்கறேன். தொரை வாயில நல்ல வார்த்த வந்து நான் கேட்டதில்ல. மாடுன்னுதான் சொல்லிருப்பாரு." அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கிராணி அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். "இதுல என்ன இருக்கு, கிராணியாரே? தமிழ்லயும் பழைய நெனப்ப அசைபோடறதுன்னுதானே சொல்றோம். மாட்டைப் பாத்து வந்த பேச்சுதானே அதுவும்?"

என்னை அவர் பார்த்த பார்வையில், திருட்டுக் கோழியோடு அகப்பட்டவன் போல எனக்கே இருந்தது. விடுவிடென்று போய்விட்டார். மறுநாள் விடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"டிரஸர்! ஒரு விஷயம் கண்டுபிடிச்சிருக்கேன். தமிழ்லயும் அசைபோடறதுன்னுதான் சொல்றோம்!"

"அப்படியா!" என்றேன். பக்கத்து வீட்டில் பகை வைத்துக்கொள்வது நல்லதல்ல.

அன்றிலிருந்து ஆராய்ச்சி மாட்டுக் கொட்டகைக்கு மாறியது. அவர் மனைவி கிராணியம்மா ஒரு செவலைப் பசு வைத்திருந்தார். அது படுத்து அசைபோட ஆரம்பித்தால், இவர் முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். அது வாயை இடப்பக்கம் கொண்டுபோனால் இவர் வாயும் இடப்பக்கம் போகும். கிராணியம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

"பாருங்க தம்பி. நான் ரெண்டு மாட்டுக்குத் தவிடு வாங்கறேன். பால் ஒன்னுதான் குடுக்குது."

சொல் விஷயத்தில் கிராணிக்குக் கற்பு அதிகம். வேறு சொல் எதையும் உள்ளே விட மாட்டார். அதே அகராதியில் சிந்திப்பதற்கு வேறு சில சொற்களும் இருப்பதை நான் எடுத்துக் காட்டினேன். "பாண்டர்" என்று ஒன்று. எடை போடுவதிலிருந்து வந்தது. "நாள் முழுக்க நான் பாலை எடைதானே போடறேன்? அது வேலை, டிரஸர். சிந்தனை இல்ல" என்று தள்ளிவிட்டார். "கண்டெம்ப்ளேட்" என்று இன்னொன்று, கோயிலிலிருந்து வந்தது. "அதப் பூசாரிகிட்டக் குடுங்க" என்றார்.

ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? வேலைக்கு வராத ஆளைப் பற்றிக் கங்காணியிடம், "ஒடம்பு சரியில்லையா, இல்ல வீட்ல ரூமினேட் பண்றானா?" என்று இவர் கேட்கப்போக, கங்காணி அதை வெட்டுக்காட்டுக்குக் கொண்டுபோனார். "என்னடா அங்க ரூமி நாட்டு பண்ணிக்கிட்டு நிக்கிற? மரத்த வெட்டுடா!" வெட்டுக்காட்டிலிருந்து அது லயத்துக்கு வந்தது. வாய் அசைவதை வைத்துப் பெண்கள் அதை வெற்றிலை போடுவதற்கு வைத்துக்கொண்டார்கள். "அத்தே, கொஞ்சம் ரூமி நாட்டு இருந்தாக் குடுங்க" என்று ஒருத்தி சுண்ணாம்பு டப்பாவை நீட்டியதை இவர் காதால் கேட்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று கிராணியம்மா சொன்னார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான்.

துரையைச் சிங்கப்பூரில் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டதாகச் சேதி வந்தது. அரிசி மறைந்தது. மரவள்ளிக்கிழங்கு வந்தது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்கு மத்தியானக் கிழங்கு. மென்று மென்று எல்லோருக்கும் தாடை வலித்தது. "இப்பத்தான் தோட்டமே ரூமினேட் பண்ணுது" என்றார் கிராணி. ஆனால் மெல்ல, காதோடு காதாகத்தான் சொன்னார். இங்கிலீஷ் பேசினால் அடி விழும் காலம் அது.

அடி விழவும் செய்தது. ரெம்பாவ் போகும் வழியில் பாலத்தின் மேல் ஜப்பான் சிப்பாய் காவல் நிற்பான். கடந்து போகிறவர்கள் எல்லோரும் நின்று குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும். இவர் ஏதோ யோசனையில் நிமிர்ந்தபடியே நடந்துவிட்டார். "கொரா!" என்று ஒரு சத்தம். சிப்பாய் ஓடிவந்து ஏதோ கேட்டான். என்னடா செய்கிறாய் என்றுதான் கேட்டிருப்பான். பயத்தில் இவர் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது.

"ரூமினேட்டிங், சார்!"

ஒரு கன்னத்தில் விழுந்த அறைக்கு இரண்டு கன்னமும் வீங்கியதாக அவர் சொன்னார். தலைக்கு மேல் கல்லைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வைத்து, அப்புறம்தான் விட்டிருக்கிறான். என்னிடம் வந்து உட்கார்ந்தார். நான் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தேன். வாய் திறக்க முடியாத நிலையிலும் கேட்டார்:

"டிரஸர், இப்பப் பாத்தா மாடு அசைபோடற மாதிரியே இருக்கா?"

"இருக்கு."

"அதான் கேட்டேன்" என்று திருப்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்.

துரை இருந்த பங்களாவுக்கு ஒரு ஜப்பான்காரர் வந்து சேர்ந்தார். பட்டாளத்து ஆள் இல்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டவர். குள்ளமாக, கண்ணாடி போட்டு, எப்போதும் ஜலதோஷம் பிடித்தவர்போல இருப்பார். ஜனங்கள் அவருக்கு ஜப்பான் துரை என்று பெயர் வைத்தார்கள். கடைத்தெரு மலாய் கொஞ்சம் பேசுவார். எங்களுக்கும் அதே அளவு மலாய்தான் தெரியும் என்பதால் நன்றாகவே புரிந்தது. அவர் என்ன சொன்னாலும் "ஹை", அதாவது சரி, என்று சொல்லிக் குனிய வேண்டும். கிராணி தூக்கத்தில்கூட "ஹை" சொல்வதாகக் கிராணியம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு காலை, ஜப்பான் துரை நடந்தே எங்கள் வீடுகளின் பக்கம் வந்துவிட்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கொட்டகையில் கிராணி முக்காலியில் உட்கார்ந்து, வாயில் கிழங்கை அடக்கி, செவலையோடு சேர்ந்து மென்றுகொண்டிருந்தார்.

"அப்பா புவாட்?" என்றார் ஜப்பான் துரை. என்ன செய்கிறாய் என்று அர்த்தம்.

கிராணி துள்ளி எழுந்து குனிந்தார். "ரூமி..." என்று ஆரம்பித்து, பாலத்து அறை ஞாபகம் வந்து, கிழங்கோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டார். மலாயில் அதற்குச் சொல் தெரியவில்லை. பதில் சொல்லாமலும் இருக்க முடியாது. மாட்டைக் காட்டினார். தன் வாயைக் காட்டி மென்று காட்டினார். பிறகு தலையைத் தொட்டு, கண்ணை மூடி, ஞானி மாதிரி நின்று காட்டினார்.

எனக்குப் பல்லுக்குள் விரல் அப்படியே நின்றுவிட்டது. தன்னை மாடு என்று சொல்லிக் காட்டுகிறார் என அந்த ஆள் நினைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

ஜப்பான் துரை கொஞ்ச நேரம் பார்த்தார். மாட்டைக் காட்டி, "ஹன்ஸூ" என்றார். பிறகு தன் நெற்றியைத் தொட்டு, அதே சொல்லைச் சொன்னார். "ஹன்ஸூ."

கிராணி மாட்டையும் தன் நெற்றியையும் மாறி மாறிக் காட்டினார். "சாமா?" என்று மலாயில் கேட்டார். இரண்டும் ஒன்றா?

"சாமா, சாமா" என்றார் ஜப்பான் துரை.

அதோடு போகவில்லை. கொட்டகைக்குள் போய், செவலையின் கழுத்தைத் தடவி, குந்தி உட்கார்ந்துவிட்டார். தன் ஊரில் பனி கொட்டும் என்றும், வீட்டில் நிறைய மாடு உண்டு என்றும் அரைகுறை மலாயில் சொன்னார். தன் அப்பா அடிக்கடி சொல்வாராம்: மாடு அசைபோடும்போது அதைக் கிளப்பக் கூடாது, கிளப்பினால் பால் வற்றிவிடும். "லெம்பு ஹன்ஸூ, ஜாங்கான் காச்சாவ்" என்று விரலை ஆட்டிக் கிராணியை எச்சரித்தார். மாடு அசைபோடுகிறது, தொந்தரவு செய்யாதே என்று பொருள். கிராணியம்மா ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து நீட்டினார். ஜப்பான் துரை அதைக் குடித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் கிராணி வேலியைத் தாண்டி வந்தார். திறந்து வர வேலிக் கதவு பக்கத்திலேயே இருந்தது.

"டிரஸர்! மூணு பாஷைலயும் மாடுதான்! வெள்ளைக்காரன், தமிழன், ஜப்பான்காரன், மூணு பேரும் மாட்டைப் பாத்துத்தான் நெனைக்கக் கத்துக்கிட்டிருக்கான்!"

"அப்ப துரை உங்களைச் சொன்னது?"

"வையவே இல்ல டிரஸர். ஒலகமே அப்படித்தான் சொல்லுது. அவரு மட்டும் வேற என்ன சொல்லிருக்க முடியும்?"

அத்தனை வருஷத்து வழக்கு அன்றோடு தீர்ந்தது. கங்காணியைத் தேடிப்போய்த் தீர்ப்பைத் தெரிவித்துவிட்டு வந்தார். நாட்டில் அவ்வளவு சந்தோஷமான ஆள் அன்றைக்கு வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். முதலில் நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டு, லாரியைக் கொண்டுவந்து நிறுத்திப் பிடிக்க ஆரம்பித்தார்கள். லுக்குட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயம் லயமாக ஆம்பிளையே இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் முற்பகல் சிரம்பானிலிருந்து ஒரு பட்டாள அதிகாரி காரில் வந்தான். என்னையும் கிராணியையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி பேசினான், ஜப்பான் துரை குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டார். அடுத்த தோட்டத்துக்குப் போய் ஆள் ஏற்றிக்கொண்டு லாரி சாயங்காலம் இங்கே வரும். உடம்பில் தெம்புள்ள ஆண்கள் எல்லோரும் பெரட்டுக் களத்தில் தயாராக நிற்க வேண்டும். இதுதான் உத்தரவு என்று ஜப்பான் துரை எங்களுக்கு மலாயில் சொன்னார். காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற இடத்தைத்தான் பெரட்டுக் களம் என்போம். மணி அடித்தால் தோட்டம் முழுக்க அங்கே கூடிவிடும்.

அதிகாரி போனதும் ஜப்பான் துரை கிராணியைப் பார்த்து, மணியை அடி என்றார்.

எதற்கும் "ஹை" சொல்கிற மனிதர் குனியக்கூட இல்லை. நெற்றியில் வியர்வை கொட்டியது. ஜப்பான் துரை மறுபடி சொன்னார். கிராணியின் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

"ஹன்ஸூ" என்றார்.

அந்த மனிதருக்கு ஜப்பான் பாஷையில் தெரிந்ததே நாலைந்து சொல்தான். அதில் ஒன்றை எடுத்து, உத்தரவு போட்ட ஆளின் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார். ஜப்பான் துரை அவரையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"டிரஸர், கதவச் சாத்திட்டாரு."

"ஆமா."

"அசைபோடறப்பக் காச்சாவ் பண்ண மாட்டாருன்னு நெனைக்கிறேன்."

அப்புறம் நாங்கள் நடக்கவில்லை, ஓடினோம். கிராணி கங்காணியிடம் போனார். வெட்டுக்காட்டில் இருந்த வாலிபர்களுக்கு ஆளுக்கு ஆள் சேதி போயிற்று. வாளியை மரத்தடியிலேயே வைத்துவிட்டு, சதுப்பு நிலத்தைத் தாண்டி மலாய்க்காரர் கிராமமான கம்பத்துக்குப் போய்விடச் சொன்னார்கள். கங்காணியின் மகன் முதலில் போனான். கம்பத்து ஜனங்கள் வயல் குடிசைகளில் அவர்களை மறைத்து வைத்தார்கள். கையிலிருந்த கொஞ்ச அரிசியில் கஞ்சியும் காய்ச்சிக் கொடுத்தார்கள். நடக்க முடியாதவர்களும் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்றவர்களும் என்னிடம் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்தது புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து ஒன்றுதான். கழுத்து, மார்பு, முகம் என்று பூசித் தள்ளினேன். பார்த்தால் தொற்று வியாதிக் கூட்டம் போல இருந்தது. ஒருவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "டிரஸரய்யா, இதுக்கு சயாமே தேவலாம்போல இருக்கே" என்றான். அந்த நேரத்திலும் சிரித்தோம்.

வெயில் தாழ்ந்தபோது லாரி வந்தது, அந்த அதிகாரியும் அதோடு வந்தான். அப்போதுதான் அறைக் கதவு திறந்தது. ஜப்பான் துரை வெளியே வந்து, கிராணியைப் பார்க்காமல், மணியைக் காட்டினார். கிராணி போய் அடித்தார்.

பெரட்டுக் களத்துக்குக் கிழவர்கள் வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். ஊதா நிறத்தில் சிலர் வந்தார்கள். சேதி எட்டாத தூரத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொஞ்சம் பேர், பாவம், மணிச் சத்தம் கேட்டு வாளியோடு ஓடி வந்துவிட்டார்கள். அவர்களை முதலில் லாரியில் ஏற்றினார்கள். என் விரலெல்லாம் ஊதா. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அதிகாரி ஊதா மனிதர்களின் அருகே போய் முகத்தைச் சுளித்துத் திரும்பினான். ஆட்கள் எங்கே என்று கத்தினான். மணியடிக்க வேண்டிய ஆள் யார் என்று கேட்டிருப்பான்போல. ஜப்பான் துரை தரையைப் பார்த்தபடி நின்றார். கிராணியே ஒரு அடி முன்னால் வந்தார்.

உறையோடு கத்தியால் தோளில் ஒரு அடி. விழுந்தவரைத் தூக்கி லாரியில் போட்டார்கள்.

கிராணியம்மா கையில் கிடைத்த வேட்டியையும் சட்டையையும் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார். அழவில்லை. திட்டினார்.

"வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியாதா ஒங்களுக்கு? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு?"

"மூடிக்கிட்டுத்தானடி இருந்தேன்" என்றார் கிராணி. "ஒரு வார்த்ததான் சொன்னேன்."

லாரி நகர்ந்தபோது என்னைப் பார்த்து, "செவலைக்குத் தண்ணி" என்று கத்தினார். அதற்குமேல் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கங்காணி தினமும் ஒரு கட்டுப் புல் கொண்டுவந்து கொட்டகையில் போட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கிராணியம்மா தினமும் ஒரு டம்ளர் பால் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போவார். ஜப்பான் துரை வெளியே வந்ததும், "சுவாமி சாயா?" என்று கேட்பார். மலாயில் சுவாமி என்றால் புருஷன். என் புருஷன் வந்தாரா என்ற கேள்வி அது. அந்த ஆள் தினமும் ஒரே பதிலைச் சொல்வார். "பெலும்." இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, இன்னும் இல்லை என்றுதான் சொன்னார். அதற்காகவே பால் கொடுப்பதாகக் கிராணியம்மா சொல்வார்.

ஜப்பான் தோற்றது. ஜப்பான் துரையை லாரியில் கொண்டுபோனார்கள். அதற்கும் பல மாதம் கழித்து ஒரு மத்தியானம், எலும்பும் தோலுமாக ஒரு ஆள் கிராணி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். அந்தக் காலத்தில் பிச்சைக்காரர்கள் அதிகம். கிராணியம்மா முகத்தைப் பார்க்காமலே ஒரு தட்டில் கிழங்கு வைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவன் நிதானமாகத் தின்றான்.

"கெழங்கு வேகல" என்றான்.

உள்ளே பாத்திரம் விழுந்த சத்தமும் தொடர்ந்து வந்த அலறலும் எனக்கு ஆஸ்பத்திரிவரை கேட்டன.

அன்று லாரியில் ஏறியவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சதுப்பு தாண்டிப் போனவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். கங்காணியின் மகனுக்குக் கல்யாணமாகி, பெண் குழந்தையும் பிறந்திருந்தது. கங்காணி அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, கிராணியின் மடியில் வைத்துவிட்டு, அது சிணுங்கியதும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

கிராணியின் காய்ச்சலும் கால் புண்ணும் ஆற வெகு நாளாயிற்று. கட்டுப் போட வரும்போதெல்லாம் நான் காத்திருந்தேன். அந்தச் சொல் வரவில்லை. வெற்றிலை திரும்ப வந்தது. லயத்துப் பெண்கள் ரூமி நாட்டு கேட்டு வாங்கினார்கள். அவர் காதில் விழுந்தாலும் கோபப்படவில்லை. கடைசியில் நானே கேட்டேன்.

"அன்னிக்கு ஆபீஸ்ல, திட்டம் போட்டா ஹன்ஸூன்னு சொன்னீங்க?"

"இல்ல டிரஸர். ஹைன்னு சொல்லக் கூடாதுன்னு மட்டும் தெரிஞ்சுது. மிச்சம் வாய்ல இருந்தது அது ஒன்னுதான்."

"இப்பல்லாம் அசைபோடறதே இல்லையே நீங்க?"

அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாடு நல்ல புல்லத்தான் திரும்ப எடுத்து மெல்லும், டிரஸர். அங்க பாத்தத நான் முழுங்கினது முழுங்கினதுதான். திரும்ப வாய்க்குக் கொண்டுவந்தா நான் செத்துருவேன்."

சயாமைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பழைய துரையும் ஒருநாள் திரும்பி வந்தார். சிறையில் அவரும் பாதியாகிப் போயிருந்தார். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருந்தார். கிராணியைப் பார்க்கவேண்டுமென்று ஆள் அனுப்பினார். எனக்குத்தான் பரபரப்பு. "இப்பவாவது கேட்டுருங்க. அன்னிக்கு எந்த அர்த்தத்துல சொன்னாருன்னு" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். ஆபீஸ் வராந்தாவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. துரை ஒரு சிகரெட் கொடுத்தார். இவர் பழக்கமில்லாமல் இருமினார்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "கேட்டீங்களா?"

"எத?"

"அந்த வார்த்தைய!"

"அவரு மொகத்தப் பாத்தேன். அவருக்கும் திரும்ப எடுக்க முடியாத சரக்கு நெறைய இருக்கும்போலத் தெரிஞ்சுது. விட்டுட்டேன்."

பிறகு வேலைக்குத் திரும்பினார். பழையபடி பாலை நிறுத்தார். சாயங்காலம் ஸ்டோரைப் பூட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, மருந்து அலமாரிக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். நான் பஞ்சு சுருட்டுவேன், சீசா கழுவுவேன். இருட்டுகிற நேரத்தில், "வரேன் டிரஸர்" என்று எழுந்து போவார். சிரம்பான் பக்கம் ராசா என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டோடு அவர் குடிபோகும்வரை இப்படித்தான் நடந்தது. அத்தனை சாயங்காலங்களிலும் நாங்கள் பேசிக்கொண்டதைச் சேர்த்தால் ஒரு பக்கம்கூட வராது. அவ்வளவு நல்ல பேச்சுத்துணை எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை.